மண் மூடியதைப் புல் சொல்லும்

இந்த மேடையில் வழக்கமாகக் கேள்வி கேட்கிறவன் நான். இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். என் கையில் இருப்பது ஒரு மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளோமா. அதோடு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கேமராவுக்கு முன்னால் நின்று பேசிய பழக்கம். அவ்வளவுதான். வரலாற்று ஆய்வாளர் என்று யாரும் என்னை நினைத்துவிட வேண்டாம். ஆனால் ஒரு காய்ந்த புல்தரை என்னை வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போன கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். பிப்ரவரி மாதம். எந்நேரமும் தூறிக்கொண்டிருக்கும் அந்த மலையில் அந்த முறை சில வாரங்களாகச் சரியான மழை இல்லை. எங்கள் ஒளிப்பதிவாளர் காட்சிக்கு அழகாக இருக்கட்டும் என்று டிரோனை மேலே ஏற்றினார். பச்சைப் பாய் விரித்ததுபோல் தேயிலைச் சரிவுகள், நடுவில் கோயில், கோயிலை ஒட்டிப் பிள்ளைகள் பந்து விளையாடும் திடல். கீழே நின்று பார்த்தபோது அது வெறும் திடல்தான். டிரோன் திரையில் பார்த்தபோதுதான் எங்கள் இருவருக்கும் பேச்சு நின்றது. திடலின் பச்சைப் புல்லுக்குள் வெளிறிய மஞ்சளில் வரிசையாகக் கட்டங்கள் தெரிந்தன. எல்லாம் ஒரே அளவு. அவற்றை ஒட்டி நேராக ஒரு கோடு, அந்தக் கோட்டிலிருந்து பிரிந்து கோயில் பக்கம் போகும் இன்னொரு கோடு.

கோயில் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். கொழுந்து பறித்தே காலம் கழித்தவர். திரையை அவரிடம் காட்டினோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, ஏதோ தினமும் பார்க்கிற படம்போலச் சொன்னார்:

“இது எங்க பழைய லயம், தம்பி. இந்தக் கோடியில இருந்து மூணாவது நாங்க இருந்த வீடு. வீட்டை இடிச்சவன் சிமிட்டித் தரையைப் பேக்கல. அப்படியே மேல மண்ணைக் கொட்டிப் புல்லு போட்டுட்டான். இந்தா போவுதே, இது பெரட்டுக்குப் போற பாதை.”

ஓரத்தில் வட்டமாக ஒரு மஞ்சள் திட்டு இருந்தது. அதுதான் பழைய கிணறாக இருக்க வேண்டும் என்று நான் கொஞ்சம் பெருமையோடு சொன்னேன். பாட்டி சிரித்துவிட்டார். “அது போன மாசம் தைப்பூசத்துக்குத் தண்ணி டாங்கி வச்ச இடம்!”

அன்று இரவு தங்கும் விடுதியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவன்தான். இப்படிப் பயிரிலும் புல்லிலும் பழைய தடம் தெரிவது உலகறிந்த விஷயம், அதற்கென்றே ஒரு கலை வளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ‘பயிர்த்தடம்’ என்று தமிழில் சொல்லலாம்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மண்ணுக்கு அடியில் கல்லோ சிமிட்டியோ இருந்தால் அதன் மேல் இருக்கும் மண் ஆழமில்லாதது. அங்கே ஈரம் தங்காது, வேர் கீழே போக வழியில்லை. மழை குறைந்தால் அந்த இடத்துப் பயிர் முதலில் வாடும், குட்டையாக நிற்கும், சீக்கிரம் மஞ்சளாகும். அதே நிலத்தில் முன்பு ஒரு பள்ளமோ அகழியோ வெட்டி, அது பிறகு தூர்ந்துபோயிருந்தால் கதை தலைகீழ். அங்கே ஆழமான, சத்துள்ள மண் இருக்கும். ஈரம் அதிக நாள் நிற்கும். பயிர் உயரமாக, கரும்பச்சையாக வளரும். தரையில் நிற்பவனுக்கு அது கொஞ்சம் வளர்ந்த பயிர், கொஞ்சம் வாடிய பயிர், அவ்வளவுதான். மேலே போனால் கோலம் தெரியும்.

ரோமானியச் சாலைகளுக்கு இது மிகவும் பொருந்தும். ரோமானியர்கள் முக்கியமான சாலைகளைக் கல்லும் சரளையும் போட்டு மேடாக்கினார்கள். இரண்டு பக்கமும் நீர் வடியப் பள்ளம் எடுத்தார்கள். ரோமப் பேரரசு போய்விட்டது. கற்களைப் பெயர்த்துப் பலர் வீடு கட்டிக்கொண்டார்கள். மீதியை மண் மூடியது, அதன் மேல் கோதுமை விதைத்தார்கள். ஆனாலும் வறண்ட கோடையில் வயலின் குறுக்கே ஒரு வெளிறிய பட்டையும் அதன் இரு பக்கமும் இரண்டு கரும்பச்சைக் கோடுகளும் எழுந்துவிடும். நடுவில் சாலை, பக்கத்தில் வாய்க்கால். அந்தக் கோடு இன்றைய வேலியையும் மதிக்காது, வயல் வரப்பையும் மதிக்காது. நேராகப் போய்க்கொண்டே இருக்கும்.

விமானம் வருவதற்கு முன்பே இதைக் கவனித்தவர் ஒருவர் உண்டு. பெயர் வில்லியம் கேம்டன். நம் மலைக்குப் பெயர் கொடுத்த கேமரனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘பிரிட்டானியா’ என்ற நூலை எழுதியவர். இங்கிலாந்தின் ரிச்பரோ என்னும் இடத்தில் ஒரு ரோமானியக் கோட்டை நகரம் இருந்தது. அந்த நகரத்து வீதிகள் ஓடிய இடங்களில் மட்டும் தானியப் பயிர் மெலிந்து வளர்வதை அவர் குறித்திருக்கிறார். வீதிகள் சிலுவைபோல் குறுக்கிட்டதால் ஊர் மக்கள் அதற்கு ஒரு புனிதரின் பெயரையே வைத்துவிட்டார்களாம். ஊர் மக்களுக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது, பாருங்கள். எழுதிவைக்கத்தான் ஆள் தேவைப்படுகிறது.

பிறகு விமானம் வந்தது. முதல் உலகப் போரில் வானிலிருந்து எதிரியின் பதுங்குகுழிகளைக் கவனிக்கும் வேலை பார்த்த ஓ.ஜி.எஸ். கிராஃபோர்ட், 1920இல் பிரிட்டிஷ் நில அளவைத் துறையின் முதல் தொல்லியல் அதிகாரியானார். ராணுவம் எடுத்த வான்படங்களில் பழங்கால வயல்களும் அகழிகளும் கிடப்பதை அவர் கண்டார். 1928இல் அலெக்சாண்டர் கெய்லருடன் சேர்ந்து, தென் இங்கிலாந்தை வானிலிருந்து காட்டும் நூலை வெளியிட்டார். 1927இல் அவர் தொடங்கிய ‘ஆன்டிக்விட்டி’ என்ற தொல்லியல் இதழ் நம் கதைக்குத் திரும்பவும் வரும். இதே காலத்தில் சிரியாவின் பாலைவனத்துக்கு மேல் பிரெஞ்சு விமானங்களில் பறந்து ரோமானிய எல்லைச் சாலைகளையும் கோட்டைகளையும் படமெடுத்தவர் அந்துவான் புவாதபார் என்ற ஏசு சபைப் பாதிரியார். பாலைவனத்தில் பயிர் ஏது? அவர் நம்பியது சாய்ந்த வெயிலின் நிழலை. காலையிலும் மாலையிலும் சிறு மேடுகூட நீண்ட நிழல் போடும். அந்த நிழலே அவருக்குக் கோடு.

இதெல்லாம் ஐரோப்பா கதை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், பீட்டர் வில்லியம்ஸ்-ஹன்ட் என்ற பெயரைப் பார்க்கும்வரை.

இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியில் நேச நாடுகளின் விமானப் படைக்கு எடுக்கப்பட்ட வான்படங்களைப் படித்துச் சொல்லும் பிரிவில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் ஜான் பிராட்ஃபோர்ட், இன்னொருவர் வில்லியம்ஸ்-ஹன்ட். தென் இத்தாலியில் அபூலியா என்ற மாநிலம். அங்கே ஃபோஜா நகரத்தைச் சுற்றித் தவோலியேரே என்னும் பெரிய சமவெளி. மெல்லிய மண், அதற்குக் கீழே கெட்டியான சுண்ணாம்புப் பாறைப் படலம், அதற்கு மேல் கோதுமை. பயிர்த்தடத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் கிடைக்காது. 1945 வசந்த காலத்தில், போர் முடியும் தறுவாயில், பயிர் முற்றும் நேரம் பார்த்து எடுத்த படங்களில் நிலமே புத்தகம்போல் திறந்துகொண்டது. வட்ட வட்டமாக அகழி சூழ்ந்த கற்காலக் கிராமங்கள், இன்றைக்கு ஏழாயிரம் எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை, நூற்றுக்கணக்கில் தெரிந்தன. அவற்றின் மேலேயே ரோமானியர்களின் சாலைகளும், நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பங்கிட்ட எல்லைக் கோடுகளும் ஓடின. அவற்றுக்கும் மேலே இடைக்காலத்து ஊர்கள். அடுத்த ஆண்டு, 1946இல், இருவரும் சேர்ந்து கிராஃபோர்டின் ‘ஆன்டிக்விட்டி’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். கட்டுரையின் தலைப்புக்குத் ‘தாகம் கொண்ட அபூலியா’ என்று பொருள். நல்ல தலைப்பு. தாகம் எடுத்தால்தானே மண் வாய் திறக்கிறது!

ஒரு சின்ன இடைச்செருகல். அதே 1945இல்தான் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்து, ரோமானிய உலகத்தோடு தமிழகக் கடற்கரை நடத்திய வணிகத்தை மண்ணிலிருந்து எடுத்துக் காட்டினார். ரோமானியரின் சாலை ஒரு முனை, நம் யவன வணிகத் துறைமுகம் இன்னொரு முனை. பள்ளியில் இதை யாராவது சேர்த்துச் சொல்லியிருந்தால் வரலாற்றுப் பாடத்தில் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

இப்போது வில்லியம்ஸ்-ஹன்ட்டுக்கு வருவோம். இத்தாலியிலிருந்து அவர் நேராக நம் பக்கம் வந்துவிட்டார். 1940களில் பிரிட்டிஷ் விமானப் படை தென்கிழக்கு ஆசியாவில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்து ஆராய்ந்தார். தாய்லாந்தின் வடகிழக்கில் கோராட் பீடபூமியில் நெல் வயல்களுக்கு நடுவே கோணல்மாணலான வட்டங்கள் தெரிந்தன. பழங்கால மக்கள் ஊரைச் சுற்றி வெட்டிய நீர் அகழிகள். அதை 1950இல் அதே ‘ஆன்டிக்விட்டி’யில் எழுதினார். அந்தப் படத் தொகுப்பு இன்றும் அவர் பெயரிலேயே லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆய்வுக் கழகத்தில் இருக்கிறது. பிற்பாடு எலிசபெத் மூர் என்ற ஆய்வாளர் அந்த அகழி ஊர்களைத் தொடர்ந்து ஆராய்ந்ததும் அந்தப் படங்களை வைத்துத்தான். சாலை என்று பார்த்தால் நம் வட்டாரத்திலும் ‘ரோமானியச் சாலை’ ஒன்று உண்டு. கம்போடியாவின் அங்கோரிலிருந்து தாய்லாந்தின் பிமாய்வரை கெமர் மன்னர்கள் போட்ட அரச பாதை, சுமார் 250 கிலோமீட்டர். 2005க்குப் பிறகு தாய்லாந்து, கம்போடிய ஆய்வாளர்கள் சேர்ந்து வான்படங்கள், செயற்கைக்கோள் படங்கள், கால்நடைத் தேடல் எல்லாவற்றையும் கொண்டு அதைக் கண்டு வரைந்தார்கள்.

தாய்லாந்தோடு அவர் நின்றுவிடவில்லை. மலாயாவில் பூர்வகுடி மக்களுக்கான ஆலோசகர் என்ற அரசுப் பதவியை ஏற்றார். செமாய் இனப் பெண்ணை மணந்தார். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையின் இரு பக்கமும் நீங்கள் பார்க்கிறீர்களே, பெத்தாய் காயும் மூங்கில் குழாயும் வைத்து விற்கும் குடிசைக் கடைகள், அவை அந்த மக்களுடையவை. 1952இல் மலாயாப் பூர்வகுடிகளைப் பற்றி ஓர் அறிமுக நூல் எழுதினார். 1953இல் காட்டில் நேர்ந்த விபத்தில் இறந்துபோனார். அப்போது முப்பதுகளில் இருந்தார். இன்று எனக்கு இருக்கிற வயதுதான்.

ரோமானியச் சாலையைக் கோதுமையில் தேடப் பழகிய ஒரு கண், கடைசியில் நம் காட்டை வந்து பார்த்தது. பார்த்த காலம் மட்டும் பொல்லாத காலம். 1948இல் தொடங்கி 1960வரை நீடித்த அவசரகாலம் அது. காட்டுக்குள் எங்கே மரம் வெட்டிய திறந்தவெளி இருக்கிறது, எங்கே மரவள்ளி நட்டிருக்கிறார்கள் என்று விமானங்கள் படமெடுத்தன. கம்யூனிஸ்டுகளின் தோட்டமா, பூர்வகுடிகளின் லாடாங்கா என்று மேலிருந்து பிரித்துச் சொல்வது எளிதல்ல. பயிர்களின் மேல் மருந்தடித்து அழித்த நிகழ்ச்சிகளும் உண்டு. ஆயிரக்கணக்கான பூர்வகுடிகளைக் காட்டிலிருந்து அவசர அவசரமாகக் கொண்டுவந்து வேலிக்குள் வைத்தார்கள். அங்கே பலர் நோய்ப்பட்டு இறந்தார்கள். நம் தோட்டத் தொழிலாளர்களும் பல லட்சம் பேர் அந்த ஆண்டுகளில் முள்வேலிக்குள் வரிசை வீடுகளுக்கு மாற்றப்பட்டவர்கள்தாம். பல தோட்டங்களில் ‘பழைய லயம்’, ‘புதிய லயம்’ என்று இரண்டு பெயர் வழங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். மலாயாவுக்கு மேல் படமெடுத்தது பிரிட்டிஷ் விமானப் படையின் 81ஆவது அணி. உலகப் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானம் பிரிட்டிஷ் விமானப் படைக்காகப் பறந்த கடைசிப் போர்க்காலப் பணியும் அந்த அணியுடையதே. 1954 ஏப்ரல் 1ஆம் தேதி, ஜொகூர் காட்டுக்கு மேல். குண்டு போட அல்ல, படம் எடுக்க.

ஒரே கலை. இத்தாலியில் மறைந்த கிராமத்தைக் கண்டுபிடித்தது. இங்கே மறைந்திருந்த மரவள்ளித் தோட்டத்தையும் கண்டுபிடித்தது. இதை யோசித்த நாளிலிருந்து என் டிரோனை நான் கொஞ்சம் மரியாதையோடுதான் தூக்குகிறேன்.

சரி, தேயிலைக் காட்டுக்குள் பயிர்த்தடம் தெரியுமா? கேமரன் மலைச் சரிவுகளில் நான் மணிக்கணக்காகத் தேடிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தெரியாது. காரணம் இருக்கிறது. கோதுமை ஓராண்டுப் பயிர், வேர் சீக்கிரம் தாகத்தைச் சொல்லிவிடும். தேயிலை பல பத்தாண்டுகள் நிற்கும் செடி. ஆழமாக வேரோடும். வாரக்கணக்கில் வெயில் அடித்தாலும் தாங்கும். அதோடு கொழுந்து எடுத்து எடுத்து மேல்பரப்பைச் சமமாக வைத்திருப்பதால் குட்டையும் நெட்டையும் தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் மேல் மழை. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிற மலையில் மண்ணுக்குத் தாகம் எடுப்பதே அபூர்வம். இங்கிலாந்தில்கூட 1976, 2018 போன்ற கடும் வறட்சிக் கோடைகளில்தான் தடங்கள் கூட்டமாக வெளியே வந்தன. எங்கள் திடலில் தெரிந்தது, வேர் ஆழமில்லாத புல், கீழே சிமிட்டி, சில வாரம் மழையில்லை என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்ததால்.

தேயிலையில் வேறு விதமான கோடுகள் உண்டு. சரிவில் நிரையின் போக்கைக் கவனியுங்கள். நிரைகள் ஒழுங்காக வளைந்து வரும்போது ஓரிடத்தில் திடீரென்று படி விழுந்ததுபோல் ஒடிந்து, மறுபக்கம் தொடரும். அது பழைய பாதை மேட்டின் மேல் பிற்பாடு செடி நட்ட இடமாக இருக்கலாம். மாலை நாலரை ஐந்து மணிக்கு வெயில் சாயும்போது அந்தப் படி நிழல் போடும். புவாதபார் பாதிரியார் சிரியாவில் செய்ததை நாம் தேயிலையில் செய்யலாம். காடு மூடிய இடங்களுக்கு அதுவும் போதாது. அங்கே லைடார் என்ற கருவிதான் கதி. விமானத்திலிருந்து லேசர் ஒளியைக் கோடிக்கணக்கில் கீழே விடுவார்கள். இலை இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்பும் ஒளியை மட்டும் பிரித்தெடுத்தால் மரமே இல்லாத நிலத்தின் உருவம் கிடைக்கும். அங்கோருக்கு அருகே குலேன் மலைக் காட்டுக்குள் மறைந்திருந்த மகேந்திரபர்வத நகரத்தின் வீதிகள் 2012இல் இப்படித்தான் தெரிந்தன.

இந்த இடத்தில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு கேமரன் மலையைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தேன். “1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் கண்டுபிடிக்கும்வரை மனிதக் கால் படாத மலை” என்று கம்பீரமாகச் சொன்னேன். எழுதிக் கொடுத்ததைப் படித்தேன் என்று தப்பிக்க முடியாது, எழுதியதும் நான்தான். மறுநாள் ஒரு செமாய் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவே இல்லை. “கேமரன் எந்தப் பாதையில் ஏறினார், ஐயா?” என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

என்ன பதில் சொல்வது? அரசாங்க நில அளவையாளரான கேமரன், குலோப் ரியாவ் என்ற மலாய் வழித்துணையோடு போனார். அவர்கள் நடந்த காட்டில் செமாய், தெமியார் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேராக்குக்கும் பகாங்குக்கும் இடையே நடந்த ஒற்றையடித் தடங்கள் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், தான் கண்ட சமதளத்தைக் கேமரன் வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை. அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். பின்னால் வந்தவர்கள் அந்த இடம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அந்தத் தடங்களில் நடந்தவர்களுக்கோ அது தொலையவே இல்லை. கால் படாத மலை என்று நான் சொன்னது, எங்கள் திடலைப் பார்த்து இது வெறும் திடல் என்று சொன்னதைப் போலத்தான்.

சாலை வந்த கதை உங்களுக்குத் தெரியும். 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு மலையைக் குடைந்து வளைந்து வளைந்து சாலை போட்டார்கள். 1931இல் அது முடிந்தது. அதற்கிடையே 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். தொழிலாளர் கூட்டம், கோவேறு கழுதைகள், ஒரே ஒரு நீராவி உருளை என்று அந்தத் தொடக்கத்தைச் சொல்வார்கள். ரசலின் பெயர் இருக்கிறது. கழுதையும் உருளையும்கூடக் கதையில் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களின் பெயர்தான் இல்லை. கங்காணி வழியாகவும் வேறு வழியாகவும் கப்பலேறி வந்த தமிழர்கள் மலாயாவின் ரப்பர் தோட்டங்களையும் தேயிலைத் தோட்டங்களையும் சாலைகளையும் உண்டாக்கினார்கள். இந்திய அரசு 1938இல் அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது. அதற்குள் இங்கே லயங்கள் நிரம்பிவிட்டன.

லயத்துக்கு யார் வரைபடம் வைத்திருக்கிறார்கள்? ஆயாக் கொட்டகை எங்கே இருந்தது, ஆற்றுக்கு இறங்கும் படி எங்கே, முதல் மாரியம்மன் எந்த மரத்தடியில் நின்றாள், குழந்தைகளைப் புதைத்த மூலை எது? தோட்ட அலுவலகத்துக் காகிதங்களில் ஏக்கரும் பவுண்டும் இருக்கும். இவை இருக்காது. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாகவும் செம்பனையாகவும் மாறிய பிறகு, நம் கோயில் இத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறது என்று சொன்னால் சான்று எங்கே என்று கேட்கிறார்கள். கையில் இருப்பது ஒரு தாத்தாவின் நினைவும், மங்கிப்போன ஒரு தீமிதிப் படமும்தான்.

இங்கேதான் பழைய வான்படம் வேலைக்கு வருகிறது. சரவாக்கில் பூர்வகுடிகளின் மரபுவழி நிலத்துக்கு 1958 ஜனவரி 1 என்பது முக்கியமான தேதி. அதற்கு முன்பே காட்டைத் திருத்திப் பயிர் செய்தார்களா இல்லையா என்ற கேள்வி வழக்குகளில் வரும். அப்போது 1950களுக்கு முன்னும் பின்னும் எடுத்த வான்படங்களை நீதிமன்றத்தில் விரித்துவைத்து, இது கன்னிக்காடா, திருத்திய நிலமா என்று வாதாடுகிறார்கள். படம் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. மக்களுக்கு எதிராகவும் அதைக் காட்டுவார்கள். மேலிருந்து பார்த்து முதிர்ந்த மறுகாட்டைக் கன்னிக்காடு என்று படித்துவிடவும் முடியும். அதனால்தான் சொல்கிறேன், படம் மட்டும் போதாது. தரையில் நின்று “இது எங்கள் தூரியான் மரம், பாட்டன் நட்டது” என்று சொல்லும் ஆளும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அசைக்க முடியாது.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கெடாவின் புஜாங் பள்ளத்தாக்கு, நம் கடாரம். அங்கே சண்டி எண் 11 என்று ஆய்வாளர்கள் குறித்துவைத்திருந்த பழைய கோயில் அடித்தளம் ஒன்று. 2013இல் வீடமைப்பு வேலைக்காக நிலத்தைத் திருத்தியபோது அது இடிக்கப்பட்டது என்ற செய்தி வெளியே வந்து நாடே பதறியது. எண் போட்டுக் குறித்துவைத்திருந்த ஆயிரம் ஆண்டுப் பழைமைக்கே அந்தக் கதி. எண்ணே போடாத எழுபது ஆண்டு லயத்துக்கு என்ன காவல்?

நம் நாட்டில் நில அளவை, வரைபடத் துறையிடம், அதாவது ஜூப்பெமிடம், பழைய வான்படங்கள் இருக்கின்றன. கேட்டுப் பெறுவதற்கு முறை இருக்கிறது, கடிதம் எழுத வேண்டும், பொறுமை வேண்டும். லண்டனில் வில்லியம்ஸ்-ஹன்ட் தொகுப்பு இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், தமிழில் பத்து நாவலை ஒப்பிட்டு ஆய்வு செய்வதற்குப் பதிலாக ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்களேன். 1940களின் படம் ஒன்று, இன்றைய செயற்கைக்கோள் படம் ஒன்று. இரண்டையும் ஒரே அளவில் அச்செடுங்கள். எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் மிச்சமிருக்கும் மூத்தவர்கள் முன்னால் வையுங்கள். கையில் ஒரு பென்சிலைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். கடைசிச் சொன்னது எனக்கே கஷ்டமான வேலை. பேசித்தானே சம்பளம் வாங்குகிறேன்.

நான் அப்படித்தான் செய்தேன். டிரோன் படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் போனேன். அதற்குள் மழை தொடங்கிவிட்டது. திடல் முழுக்க ஒரே பச்சை. ஒரு கோடு இல்லை, ஒரு கட்டம் இல்லை. பிள்ளைகள் சேற்றில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் கோல் போட்ட இடம் ஒரு காலத்தில் யாருடைய அடுப்படி என்று.

பாட்டி படத்தை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எழுதச் சொன்னார். அவருக்கு எழுத வராது, நான் எழுதினேன். கட்டங்கள் பதினொன்று. ஒன்பது குடும்பத்தின் பெயர் சொன்னார். யார் எந்தக் கோயிலுக்கு மாலை போட்டார்கள், யார் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் போய்த் திரும்பி வராதவரின் மகன், எந்த வீட்டில் முதன்முதலில் வானொலி வந்தது எல்லாம் சொன்னார். இரண்டு கட்டம் காலியாக நின்றது. அவருக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவரைக் கூப்பிட்டார். அவருக்கும் ஒன்றுதான் தெரிந்தது. கடைசிக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

கிளம்பும்போது பாட்டி கோயிலுக்குப் பின்பக்கத்துப் புல்மேட்டைக் கையால் காட்டினார்.

“அடுத்த தடவை வெயில் காலத்துல வந்தா, அந்தப் பக்கமும் அதைப் பறக்க விடு, தம்பி. எங்க பள்ளிக்கூடம் அங்கதான் இருந்துச்சு.”